தலைக்குள்ளே கரண்ட் அடிக்குது என்றால் யாருக்குப் புரியும்?

நம் நாட்டுத் தமிழர் வீடுகளில் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்பது ஓர் ஊரின் பெயராக வழங்கி நான் கேட்டதில்லை. ஈப்போவுக்கு அருகே அப்படியோர் ஊர் இருக்கிறது. அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். நமக்கோ அது ஒரு வசைச்சொல். 1911ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனையால் வந்த வினை அது. இன்று அந்த மருத்துவமனையின் பெயர் பஹாகியா. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறிப் பல்லாண்டுகள் ஆகியும் நம் வாயில் வசை மட்டும் மாறவில்லை.

இப்படிப்பட்ட சமூகத்தில், அண்மைக் காலமாக மனச்சோர்வைப் பற்றிய பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரத் தொடங்கியிருப்பது உள்ளபடியே மகிழ்ச்சிக்குரியது. சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி 2019இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினரிடம் காணப்பட்ட மனச்சோர்வு, 2023இல் 4.6 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. ஏறத்தாழ 10 லட்சம் பேர்! வளாகத்தில் சுவரொட்டி ஒட்டுகிறார்கள், வானொலியில் பேசுகிறார்கள். 'தயங்காமல் டாக்டரைப் பாருங்கள்' என்கிறார்கள். நல்லதுதான். (நம் நாளேடுகள் தேர்வுக்கு முதல் நாள் வரும் பதற்றத்தையும், மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாத நோயையும் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லால் எழுதி வருவது தனிக்கதை. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

ஆனால், இந்தப் பேச்செல்லாம் கிளினிக்கின் வாசலோடு நின்றுவிடுகிறது என்பதே என் குறை. உள்ளே போனவர் கையில் ஒரு மாத்திரை அட்டையோடு வெளியே வருகிறாரே, அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? அந்த மாத்திரை அவர் கண்ணையும் காதையும் கனவையும் என்ன செய்கிறது? அதைச் சொல்ல அவரிடம் சொல் இருக்கிறதா? சொன்னால் கேட்பவருக்குப் புரிகிறதா? இதைப் பற்றி நம்மவர்கள் யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஆகவே எழுதுகிறேன். மனச்சோர்வுக்கு மருந்து உண்ட, இன்றும் உண்டு வருகின்ற ஒரு மாணவி என்ற முறையில் எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டின் முதல் பருவத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று, பசி போயிற்று, எடை குறைந்தது. ஒரு தனியார் மருத்துவமனையின் ஸ்பெஷலிஸ்ட் மிர்தஸபின் என்னும் மருந்தை இரவுக்கு 15 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். 'தூக்கம் வரும், பசிக்கும்' என்றார். சொன்னபடியே தூக்கமும் வந்தது, பசியும் வந்தது. மருந்தைக் குறை சொல்ல நான் வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பருவத் தேர்வை நான் எழுதினேன் என்றால் அது அந்த மருந்தின் உபயம்.

இரண்டாவது வாரத்தில் வேறொன்று தொடங்கியது. மாலையில் விடுதிக்கு எதிரே பேருந்துக்குக் காத்திருக்கும்போது, கடந்து போகும் மோட்டாரின் சிவப்பு விளக்கு ஒற்றைப் புள்ளியாகப் போகாமல் பின்னால் ஒரு வாலை இழுத்துக்கொண்டு போயிற்று. முதலில் மழைத்தூறல் என்று நினைத்தேன். மழை இல்லாத நாளிலும் அப்படித்தான் போயிற்று. மறுநாள் உணவகத்தில் தோழி கையசைத்தாள். ஒரு கைக்குப் பின்னால் நாலைந்து மங்கலான கைகள் வரிசையாக வந்து ஒன்றில் ஒன்று அடங்கின. சன்னலைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தால், சன்னல் கம்பிகள் சுவரின் மேல் சில விநாடிகள் நின்றன. விரிவுரை மண்டபத்தில் திரையில் படம் மாறும்போது பழைய படத்தின் தலைப்பு புதிய படத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

எந்த நேரத்திலும் இல்லாத ஒன்றை நான் பார்க்கவில்லை. இருந்த பொருள் கண்ணை விட்டுப் போக மறுத்தது, அவ்வளவே. இந்த வேறுபாடு மிக முக்கியமானது. ஏனென்றால் அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்கப் போனபோது இந்த வேறுபாடுதான் காணாமல் போயிற்று.

அம்மா உடன் வந்திருந்தார். வீட்டில் அம்மாவிடம் நான் 'பின்னால வாலு மாதிரி, நெழலு மாதிரி தெரியுதும்மா' என்று சொல்லியிருந்தேன். அன்று இருந்தவர் வழக்கமான டாக்டர் அல்லர், வேறொருவர்; தமிழ் தெரியாதவர். அம்மா எனக்கு முந்திக்கொண்டு மலாயில் சொன்னார்: 'தியா நம்பாக் பாயாங், டாக்டர்.' அவள் நிழலைப் பார்க்கிறாள் என்று பொருள். மலாயில் பாயாங் என்பது நிழலும்தான், உருவமும்தான். டாக்டரின் முகம் மாறியது. 'அடா டெங்கார் சுவாரா?' என்று என்னைக் கேட்டார். குரல் ஏதும் கேட்கிறதா? யாராவது உன்னைப் பின்தொடர்கிறார்களா? யாராவது உன்னைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றுகிறதா? கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர் செய்தது தவறே அல்ல. மனச்சோர்வு முற்றியவர்களுக்கு மாயக்குரல்களும் மாயத் தோற்றங்களும் வருவதுண்டு. அதை விசாரிக்காமல் விட்டால்தான் தவறு. ஆனால் அந்த விசாரணையின் போக்கில் போயிருந்தால், எனக்கு இல்லாத ஒரு நோய்க்கு இன்னொரு மருந்து சேர்ந்திருக்கும். மேசை மேலிருந்த தாளை எடுத்து ஒரு மோட்டார் விளக்கையும் அதன் வாலையும் வரைந்து காட்டினேன். ஒரு பார்வை பார்த்தார். 'ஓ' என்றார். மருந்தின் வேலையாக இருக்கலாம் என்றார். அளவைக் குறைத்து, பிறகு மெல்ல வேறு மருந்துக்கு மாற்றினார்கள். இரண்டு மூன்று வாரங்களில் வால்கள் மறைந்தன.

பல்கலைக்கழகத்தில் மூன்று மொழி படித்த எனக்குப் படம் வரைந்தால்தான் கதி என்றால், தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்து சேர்ந்த ஒரு பாட்டிக்கு என்ன கதி?

பின்னர் நூலகத்தில் தேடிப் படித்தேன். நான் கண்டதற்கு மருத்துவத்தில் பாலினாப்சியா என்று பெயர். கிரேக்கத்தில் 'மீண்டும்', 'பார்த்தல்' என்ற இரு சொற்களின் சேர்க்கை. மிர்தஸபின், டிராசொடோன் ஆகிய மருந்துகளை உண்டவர்களிடம் இது தோன்றியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. எண்ணிக்கையில் குறைவு. நெஃபசொடோன் என்றொரு மருந்து இருந்தது. அதன் விவரத்தாளிலேயே பார்வையில் வால் தெரியும் என்று அச்சிட்டிருந்தார்கள். (அந்த மருந்தை அதன் முதல் தயாரிப்பாளர் 2004இல் அமெரிக்காவில் நிறுத்தியது, அது ஈரலைக் கெடுப்பதாகப் புகார்கள் எழுந்த பிறகு.)

மனத்துக்குக் கொடுத்த மருந்து கண்ணை ஏன் தொடுகிறது? செரட்டோனின் என்னும் பொருளை 'மகிழ்ச்சிச் சுரப்பி' என்று பொதுக்கட்டுரைகளில் எழுதி எழுதி நம்மைப் பழக்கிவிட்டார்கள். உடலில் உள்ள செரட்டோனினில் ஏறக்குறைய 90 விழுக்காடு குடலில் இருக்கிறது. இம்மருந்துகளைத் தொடங்கும்போது பலருக்குக் குமட்டுவது இதனால்தான். மூளையிலோ மனநிலையைக் கவனிக்கும் பகுதிகளில் மட்டும் அது வேலை செய்வதில்லை. பார்வையைக் கையாளும், மூளையின் பின்பகுதியிலும் அதற்கான ஏற்பிகள் ஏராளமாக உள்ளன. எல்.எஸ்.டி. என்னும் போதைப்பொருள் காட்சிகளைக் குழப்புவதும் இதே வகை ஏற்பிகளின் வழியாகத்தான். நாம் ஒரு பொருளைப் பார்த்து அடுத்ததற்குக் கண்ணைத் திருப்பும்போது, முந்தைய காட்சியை மூளை துடைத்துவிடுகிறது. இந்த ஏற்பிகளில் மருந்து கைவைக்கும்போது அந்தத் துடைப்பு கொஞ்சம் தாமதப்படுகிறது என்று கருதுகிறார்கள். கரும்பலகையைச் சரியாக அழிக்காமல் அடுத்த பாடத்தை எழுதினால் எப்படி இருக்கும், அப்படி.

வால் தெரிவது அரிது. அரிதல்லாதவையும் உள்ளன. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகளில் வாய் வறளும், கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கும். கண்வில்லையைக் குவிக்கும் தசையை அவை தளர்த்திவிடுவதால் வருவது. வயதானவர்கள் 'கண்ணாடியை மாத்தணும்' என்று கண்ணாடிக் கடைக்குப் போய்க் காசைச் செலவழிக்கிறார்கள். செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் போன்றவற்றில் கண்மணி விரிந்து வெளிச்சம் கூசலாம். சிலருக்குக் காதில் 'கொய்ங்' என்று இரைச்சல் வரும். கனவுகள் சினிமாபோலத் துல்லியமாக, சில நேரம் அச்சமூட்டுவதாக வரும்.

இவற்றுள் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். விளக்கைச் சுற்றி வானவில் போல வளையம் தெரிந்து, அதோடு கண் சிவந்து வலித்து, தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால், அது பொறுத்துப் பார்க்க வேண்டிய பக்கவிளைவு அன்று. கண்ணின் உட்கோணம் இயல்பாகவே குறுகலாக இருப்பவர்களுக்கு, கண்மணியை விரிக்கும் மருந்துகளால் கண்ணழுத்தம் திடீரென ஏறிவிடலாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போகாவிட்டால் பார்வையே போகலாம். 'வால் தெரியுது' என்பதற்கும் 'வளையம் தெரியுது, வலிக்குது' என்பதற்கும் இடையே இருப்பது ஒரு கண்ணின் விலை. இவ்விரண்டையும் 'கண்ணு சரியா தெரியல' என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் தாமானில் ஓர் அக்கா இருக்கிறார். இதை எழுத அவர் அனுமதி தந்திருக்கிறார். வென்லஃபக்ஸின் என்னும் மருந்தை ஏறத்தாழ ஓராண்டு சாப்பிட்டார். உடம்பு தேறியது. 'இனிமே எதுக்கு மாத்திரை?' என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமையோடு நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை, கண்ணை இடமிருந்து வலமாகத் திருப்பும்போதெல்லாம் தலைக்குள் மின்னல் வெட்டியது போல ஓர் அதிர்ச்சி. அதோடு காதுக்குள் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். 'தலைக்குள்ளே கரண்ட் அடிக்குது' என்றார். மாமியார், 'வெள்ளிக்கிழமை ராத்திரி எங்க போயிட்டு வந்தே?' என்று கேட்டார். கேள்வி எங்கே போகிறது என்று உங்களுக்கே புரியும். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். கயிறு கட்டியதை நான் கேலி செய்யவில்லை. என் பாட்டியும் கட்டிவிட்டிருக்கிறார். அதில் இருந்த அன்பு உண்மையானது. ஆனால் கயிற்றுக்குப் பிறகும் கரண்ட் அடித்தது. கயிற்றுக்கே அடங்காதது என்றால் அது எவ்வளவு பெரிய காத்துகருப்பாக இருக்க வேண்டும் என்று அக்காவின் பயம் இரட்டிப்பானதுதான் மிச்சம்.

நடந்தது இதுதான். வென்லஃபக்ஸினின் பாதியளவு உடலைவிட்டு நீங்க ஏறக்குறைய 5 மணி நேரம் போதும். உடலுக்குள் அதிலிருந்து உண்டாகி அதே வேலையைச் செய்யும் பொருளுக்கு ஏறக்குறைய 11 மணி நேரம். ஆகவே இரண்டே நாளில் மூளை திடுமென மருந்தில்லாமல் நிற்கிறது. பேரொக்செட்டினிலும் இந்தத் தொல்லை அதிகம். ஃபுளுவொக்செட்டினோ வாரக்கணக்கில் மெல்ல மெல்ல நீங்குவதால் அதில் குறைவு. தலைக்குள் மின்னதிர்ச்சி ஏன் வருகிறது என்பதற்கு மருத்துவ உலகம் இன்னும் முடிவான விடை காணவில்லை. ஆனால் வரும் என்பதும், மருந்தைப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் தணியும் என்பதும் டாக்டர்களுக்குத் தெரிந்ததுதான். அரசாங்கக் கிளினிக்கின் மருந்து முகப்பில் இருந்த ஒரு தமிழ்ப்பெண் இதை அக்காவுக்கு இரண்டு நிமிடத்தில் விளக்கினார். கரண்ட் என்று சொன்னவுடனேயே அவருக்குப் புரிந்துவிட்டதாம். 'நிறுத்திட்டீங்களாக்கா?' என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

கவனியுங்கள். ஆங்கிலத்திலும் நோயாளிகள் தாமாக வைத்துக்கொண்ட பெயரைத்தான் பின்னர் டாக்டர்களும் எழுதத் தொடங்கினார்கள். அதுவும் 'மூளையில் அடிக்கும் ஷாக்' என்ற பொருளில்தான். நம் அக்கா எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் படிக்காமல் அதே சொல்லை, அதைவிடத் தெளிவாகச் சொன்னார். நம் பேச்சுத்தமிழ் உடலைப் பற்றிச் சொல்வதில் ஏழை அன்று. தலை சுற்றுகிறது என்றால் உலகம் சுழல்கிறது. கிறுகிறுப்பு என்றால் வேறு. மயக்கம் என்றால் விழப்போகிறோம். தள்ளாட்டம் என்றால் தலை நன்றாகவே இருக்கிறது, கால்தான் நிற்கவில்லை. மண்டை கனம் என்பது இவை எதிலும் சேராது. மருத்துவத்தில் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தைச் சுட்டும். கிளினிக்கில் என்ன ஆகிறது? ஐந்தும் 'பெனிங், டாக்டர்' ஆகிவிடுகின்றன. பழி மலாய்மொழியின் மேல் அன்று. மலாயைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு அம்மொழியில் இதற்கெல்லாம் நுட்பமான சொற்கள் இருக்கத்தான் செய்யும். நம் பெரியவர்களின் சந்தை மலாயில் அவை இல்லை.

என் பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அந்தக் காலத்து டிரெஸரைப் பற்றி அவர் நிறையத் திட்டுவார். எல்லா நோய்க்கும் ஒரே வெள்ளை மாத்திரைதானாம், ஒரே கலர் தண்ணிதானாம். ஆனாலும் 'என்னா பண்ணுதுன்னு தமிழ்ல கேப்பான்' என்று முடிப்பார். இன்றைய மருந்துகள் அந்த வெள்ளை மாத்திரையைவிட எவ்வளவோ மேல். கேட்கும் மொழிதான் போய்விட்டது.

சொல்லிவிட்டால் நோயாளி பயந்துவிடுவார், மருந்தையே தொடமாட்டார் என்று ஒரு வாதம் உண்டு. ஒரு விரிவுரையாளரே என்னிடம் இதைச் சொன்னார். இதைத் தள்ளிவிட முடியாது. பக்கவிளைவு வரும் என்று எதிர்பார்ப்பவருக்கு அந்த எதிர்பார்ப்பினாலேயே சில தொல்லைகள் வருவது மருத்துவத்தில் அறியப்பட்ட உண்மை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்த நீளத்தாளைப் படித்தால் ஆரோக்கியமானவருக்கே தலை சுற்றும். ஆனால் நான் கேட்கிறேன்: சொல்லாமல் விட்டதனால் யார் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள்? முன்னறிவிப்பு இல்லாமல் வந்த வாலைப் பார்த்தவர் அதை மருந்தோடு இணைத்துப் பார்ப்பதில்லை. ஒன்று, தனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைக்கிறார். தஞ்சோங் ரம்புத்தான் கண்முன் வருகிறது. யாரிடமும் வாயைத் திறப்பதில்லை. இல்லையென்றால் 'இங்கிலீஷ் மருந்து மூளையைக் குழப்பிடுச்சு' என்று சத்தமில்லாமல் அட்டையைக் குப்பையில் போடுகிறார். மூன்றாம் நாள் கரண்ட் அடிக்கிறது. எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. எழுதித் தருகிற மருந்துக்கு உரிய மூன்று நான்கை, அவை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதோடு சேர்த்துச் சொன்னால் போதும். பயத்தை உண்டாக்குவது பக்கவிளைவின் பட்டியலா, அடுத்து என்ன செய்வது என்று தெரியாத நிலையா? எனக்கு இரண்டாவதுதான்.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மனச்சோர்வு மருந்துகளே எதிர்பாராத விளைவுகளைக் கவனித்ததனால் பிறந்தவை. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த காசநோய் மருத்துவமனையில் இப்ரோனியசிட் என்னும் மருந்தைக் காசநோய்க்காகக் கொடுத்தார்கள். நுரையீரலுக்குக் கொடுத்த மருந்தால் நோயாளிகளின் முகம் மலர்ந்தது, உற்சாகம் மிகுந்தது. இமிபிரமினோ, மனச்சிதைவு நோய்க்குச் சோதிக்கப்பட்ட மருந்து. சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் நோயாளிகளை நாள்தோறும் கவனித்து, சிதைவுக்கு உதவாத இந்த மருந்து சோர்வுக்கு உதவுகிறது என்று கண்டு 1957இல் அறிவித்தார். எழுதிக் கொடுத்ததற்கும் நடந்ததற்கும் இடையே இருந்த வேறுபாட்டை யாரோ ஒருவர் அக்கறையோடு கேட்டு எழுதி வைத்திருக்காவிட்டால் இந்தத் துறையே இல்லை.

நம் நாட்டில் அப்படி எழுதி வைக்க வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மருந்துப் பக்கவிளைவுகளை டாக்டரும் மருந்தாளரும் மட்டுமல்லாமல் பயனீட்டாளரே நேரடியாகத் தெரிவிக்கலாம். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் அதற்கென்றே ஒரு படிவம் வைத்திருக்கிறது. நானும் நிரப்பி அனுப்பினேன். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள் எல்லாம் எளிது. 'என்ன நேர்ந்தது என்று விவரிக்கவும்' என்ற கட்டத்தில்தான் அரைமணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுகாதார அமைச்சு வெளியிடும் மருந்து விளக்கத்தாள்களும் மலாயிலும் ஆங்கிலத்திலும் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. தமிழுக்கு யார் எழுதுவது? அமைச்சு எழுதட்டும் என்று காத்திருக்கலாம். காத்திருந்தால் நமக்கு வரப்போவது மொழிபெயர்ப்பு அலுவலகத்தின் தமிழ்.

நம் பேரவை ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறது, கலைச்சொல் பட்டறை நடத்துகிறது. போன பட்டறையில் மருத்துவச் சொற்களுக்குத் தமிழாக்கம் காண ஒரு பிற்பகல் முழுவதும் செலவிட்டோம். பாலினாப்சியாவுக்கு 'மீள்காட்சி' என்று வைக்கலாமா, 'எச்சத்தோற்றம்' என்று வைக்கலாமா என்று கேட்டால் நம் நண்பர்கள் இரவு 12 மணிவரை வாதிடுவார்கள். நானும் வாதிடுவேன், அதில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் பாட்டிக்கு அந்தச் சொல் எதற்கு? அவருக்கு வேண்டியது ஒரு வாக்கியம். மருந்து முகப்பில் நிற்கும் மலாய்க்காரத் தம்பிக்கோ சீனத் தங்கைக்கோ தமிழ் தெரிய வேண்டியதில்லை. மாத்திரையோடு ஒரு தாளை நீட்டினால் போதும். அந்தத் தாளில், பெரிய எழுத்தில், இப்படி இருக்கலாம்:

'இந்த மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சப் பிறகு, நகருற பொருளுக்குப் பின்னால வாலு மாதிரி தெரியலாம். பார்த்த பொருளு கண்ணை எடுத்தப் பிறகும் கொஞ்ச நேரம் நிக்கலாம். எல்லாருக்கும் வராது. வந்தா, உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு அர்த்தம் இல்ல. மருந்தோட வேலையா இருக்கலாம். அது போற வரைக்கும் மோட்டார், காடி ஓட்டாதீங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. டாக்டருக்குப் போன் பண்ணி இந்தத் தாளைக் காட்டுங்க. கண்ணு சிவந்து வலிச்சா, விளக்கைச் சுத்தி வளையம் தெரிஞ்சா, அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இல்லாத ஆளு தெரிஞ்சாலோ, குரல் கேட்டாலோ, செத்துடலாம்னு நினைப்பு வந்தாலோ அதையும் உடனே சொல்லுங்க.'

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அதே பொருளை மலாயில் அச்சிட்டுவிட்டால், பாட்டி விரலை வைத்துக் காட்டுவார், டாக்டர் படித்துக்கொள்வார். பாயாங் என்ற சொல்லே நடுவில் வராது.

பேச்சுத்தமிழில் எழுதினால் பேரவையின் மதிப்பு என்னாவது என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. மேடையில் செந்தமிழ் பேசுவோம். அதற்கு இடம் இருக்கிறது. நடு இரவில் கண்முன்னே வால் ஆடும்போது கையில் இருக்கும் தாள், வீட்டில் பேசுகிற தமிழில்தான் பேச வேண்டும்.

தொடக்கத்துக்கு மிர்தஸபின், செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம், வென்லஃபக்ஸின், அமிட்ரிப்டிலின் ஆகிய ஐந்து மருந்துகள் போதும். மருந்துக்கு ஒரு தாள். மருத்துவ உண்மைகளைச் சரிபார்க்க மருந்தியல் படிக்கும் இருவர் முன்வந்திருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதைப் பார்த்துத் திருத்த ஒரு மருந்தாளரும் இசைந்திருக்கிறார். தாமான் அக்கா, தமக்கு நேர்ந்ததைத் தம் வாயாலேயே சொல்லி ஒலிப்பதிவு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு, ஒரு சொல்லையும் 'உயர்த்தி' எழுதாமல் தாளில் இறக்கத் தெரிந்த தமிழியல் நண்பர்கள் மூவராவது வேண்டும். அடுத்த பருவம் தொடங்கும் முதல் வாரத்தில், புதன்கிழமை மாலைகளில், பேரவை அறையில் உட்காரலாம் என்றிருக்கிறோம்.